ஒழுக வேண்டிய மொட்டைமாடி

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் அவர்களுடைய அதிகாரி ஒருவன் பிடித்துக்கொண்ட பங்களாவின் மொட்டைமாடி ஒழுகியது. அந்த ஒழுகலால்தான் நானும் என் தங்கை புருஷனும் ஆறு மாதம் ஊரில் இருந்தோம். மாடி வேலைக்காரர்கள் என்று ஆளுக்கொரு சீட்டு கொடுத்திருந்தான். சீட்டு இல்லாத ஆண்பிள்ளையைத் தெருவில் கண்டால் லோரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை.

காலையில் நாங்கள் மேலே ஏறியதும் காவல்காரன் படிக்கதவைப் பூட்டுவான். சாயங்காலம்தான் திறப்பான். கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தால் கீழே ஆள் பிடிப்பது தெரியும். கொதிக்கிற தளத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் ஓரத்தில் ஈயத்தகட்டை மடித்து வைத்து, மேல்விளிம்பைச் சுவரில் வெட்டிய காடியில் செருகியிருப்பார்கள். அது கழன்று வந்தால் மழைத் தண்ணீர் தகட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். தார் கிடைக்காத காலம். குங்கிலியத்தைச் செம்பனை எண்ணெயில் காய்ச்சி அடைத்தோம். பத்து நாள் வேலை. வடக்கு மூலையில் மட்டும் இரண்டு விரல் அகலம் அடைக்காமல் விட்டு, ஆறு மாதம் இழுத்தடித்தோம். மழை பெய்யும், அதிகாரியின் கட்டிலில் சொட்டும், அவன் வந்து கன்னத்தில் அறைவான், சீட்டைப் புதுப்பிப்பான். வாங்கிய அறைக்கு மனதுக்குள் நன்றி சொன்ன மானங்கெட்ட பிழைப்பு அது.

"அந்த மூலையப் பார்த்தா மனசே கேக்கல மச்சான்," என்பார் மாப்பிள்ளை.

"பார்க்காதீங்க. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க லா."

இப்படிப் புத்தி சொன்ன நானேதான் கெடுத்தேன். வேலை பார்த்த ஓரம் நெடுகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நடப்பது எங்கள் தொழில் பழக்கம். இடைவெளி விரலுக்குத் தட்டுப்பட்டால் அங்கேயே அடைத்துவிடுவோம். ஒரு மத்தியானம் பசி மயக்கத்தில் எதையோ யோசித்தபடி நடந்தேன். இடது கையில் குங்கிலியச் சட்டி இருந்தது. விரல் மூலைக்குப் போயிருக்கிறது, அடைத்திருக்கிறது. எனக்கே தெரியாது.

மறுநாள் பெருமழை. அதற்கடுத்த நாளும் விடவில்லை. அதிகாரி மேலே வந்து, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டி என் முதுகில் தட்டினான். அப்போதுதான் மூலையைப் பார்த்தேன். குங்கிலியத்தில் என் கட்டைவிரல் பதிந்திருந்தது. மாடியைப் பார்த்துக்கொள்ள இனி ஒருவன் போதும் என்று அதே அரைகுறை மலாயில் சொல்லி, மாப்பிள்ளையின் சீட்டை வாங்கிக் கிழித்தான்.

லோரி பங்களா வாசலுக்கே வந்தது. மாப்பிள்ளை என் விரலைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தங்கச்சிகிட்ட நான்தான் அடச்சேன்னு சொல்லிடுங்க மச்சான். அவளுக்கு இனி நீங்கதானே இருக்கீங்க."

அப்படியே சொன்னேன். அவர் திரும்பி வரவில்லை. என் தங்கை இன்றைக்கும் சோறு போடும்போது, புத்திகெட்ட மனுஷன் என்று அவரைத்தான் திட்டுகிறாள். நான் குனிந்து சாப்பிடுகிறேன்.