கோச் என்று கூப்பிடக் கூடாது என்றேன்

ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையை நான் கெடுத்தேன். திட்டம் போட்டுக் கெடுக்கவில்லை. மாணவிகள் அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு உத்தரவு போட்டேன். பிறகு, கேட்ட ஒருவரிடம் இரண்டு வாக்கியம் சொன்னேன். அதோடு முடிந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கணபதி என்ற பகுதியில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியர். சுற்றிலும் லேத் பட்டறைகள். காலைப் பிரேயரில் பிள்ளைகள் பாடுவதற்கு மேலே இரும்பு கடையும் சத்தம் கேட்கும். எங்கள் பெண்கள் வாலிபால் டீமுக்குப் பயிற்சி கொடுக்கச் சிங்காநல்லூரிலிருந்து ஒருவர் முதல் பஸ் பிடித்து வருவார். மில் தொழிலாளி மகள். கல்லூரியில் ஆடியவர், பயிற்சியாளருக்கான படிப்பும் முடித்தவர். இப்போது அவர் என்று எழுதுகிறேன். அன்று 'அந்தப் பொண்ணு' என்றுதான் சொல்வேன்.

பள்ளியில் நிரந்தரமாக ஒரு பி.டி. மாஸ்டரும் இருந்தார். பையன்களை வெயிலில் நிறுத்தி வைப்பதில் கெட்டிக்காரர். பெண்கள் ஆட்டம் என்றால் மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்.

எங்கள் பக்கத்தில் மரியாதைச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பஸ் கண்டக்டர் திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். ஆனால் மைதானத்துக்கென்று தனி முறை உண்டு. பயிற்சி கொடுப்பவரைப் பெயர் சொல்லமாட்டார்கள். ஆணென்றால் மாஸ்டர், பெரிய டீம்களில் கோச். அந்தச் சொல்லோடு ஒரு நாற்காலியும் சேர்ந்து வரும். கோச்சுக்குத்தான் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இடம். அவர்தான் எழுந்து நின்று டைம் அவுட் கேட்கலாம். மற்றவர்கள் எல்லாம் கயிற்றுக்கு வெளியே.

எங்கள் பெண்கள் முதலில் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வெளியூர் டீம்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அவர்களாகவே மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாள் காலை என் அறையில் இருந்தபோது, "குட்மார்னிங் கோச்!" என்று ஒரே குரலாகக் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வரிசையாக, முதுகை நிமிர்த்தி நின்றார்கள். யாரும் மணி அடிக்கவில்லை, பிரம்பு காட்டவில்லை.

அன்றே பி.டி. மாஸ்டர் வந்தார்.

"ஏனுங் சார், அந்தப் பொண்ணு கோச்சுன்னா அப்ப நான் யாருங்க? பந்துக்குக் காத்தடிக்கறவனுங்களா?"

அவருடைய வருத்தத்துக்காகத்தான் உத்தரவு போட்டேன் என்று பல வருடம் என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. எனக்காக அந்தப் பிள்ளைகள் அப்படி நின்றதில்லை. அதுதான் காரணம். மறுநாள் பிரேயரில் சொன்னேன்: பள்ளியில் பதவி உள்ளவர்களுக்குத்தான் பதவிப் பெயர். காலையில் உதவிக்கு வருகிறவரை அக்கா என்று கூப்பிட்டால் போதும். மீறினால் டீமில் இடமில்லை.

பிள்ளைகள் தலை குனிந்தார்கள். அவர் வலைக்கம்பத்தின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, புள்ளைங்க அக்கான்னு கூப்புடறது எனக்குச் சந்தோசந்தானுங்க. ஆனா மேட்ச்சுல அக்கான்னா ரெஃப்ரி என்னைய உள்ள உடமாட்டாருங்க."

"பி.டி. மாஸ்டர் இருக்காரல்லம்மா. அவரு உட்காரட்டும். நீ வெளியில நின்னு சொல்லு."

அவர் கொஞ்சம் தயங்கினார். "வர்ற டோர்னமெண்டுக்கு மட்டும் உடுங்கய்யா. எங்கப்பா வேலை செய்யற மில்லுல லேடீஸ் டீமு ஆரம்பிக்கறாங்க. அதுக்கு ஒரு கோச்சு எடுக்கறாங்க. பர்மனென்டுங்க. அந்த ஆபீசர் ஃபைனல் பாக்க வாராரு. அன்னிக்கு நான் அந்தச் சேர்ல உக்காந்திருக்கணுமுங்க."

"பார்க்கலாம்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் டீம் ஃபைனலுக்கு வந்தது. ஆட்டத்தன்று பி.டி. மாஸ்டர் புது வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவரை எழுப்ப நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது செட்டில் எங்கள் பெண்கள் தடுமாறினார்கள். கயிற்றுக்கு வெளியே நின்றிருந்த அவர் தன்னை மறந்து, இரண்டு கைகளையும் சேர்த்து டைம் அவுட் காட்டினார்.

ரெஃப்ரி மேலிருந்து சத்தம் போட்டார். "யாரும்மா நீ? கோச்சு அங்க உக்காந்திருக்காரு. நீ எதுக்கு டான்ஸ் ஆடற?"

கூட்டம் சிரித்தது. நானும் லேசாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

எப்படியோ ஜெயித்தார்கள். கோப்பை கொடுக்கும் முன் அந்த மில் ஆபீசர் என்னிடம் வந்தார். கண்ணியமான மனிதர்.

"நல்லா பழக்கியிருக்கறீங்க. யாருங்க இந்தப் புள்ளைங்களுக்குக் கோச்சு?"

பக்கத்தில் வியர்வையோடு நின்ற கேப்டன் பெண் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அக்காங்க" என்றாள்.

"யாரு, உங்க அக்காளா?" என்று சிரித்துவிட்டு ஆபீசர் என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் நான் சரியாகச் சொல்லியிருக்கலாம். ஊரறிய நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, இவரில்லை என்று எப்படிச் சொல்வது? "கோச்சு அவருங்க" என்று தொப்பிக்காரரைக் காட்டினேன். "அந்தப் பொண்ணு காலைல வந்து பந்து எடுத்துப் போடும்."

நான் 'அந்தப் பொண்ணு' என்று சொன்னவர் இரண்டடி தூரத்தில்தான் நின்றார். வலையைக் கழற்றிக்கொண்டிருந்த கைகள் நின்றன. என்னைப் பார்க்கவில்லை. மறுபடி கழற்ற ஆரம்பித்தார்.

மில்லில் வெளியூர் ஆள் ஒருவரை எடுத்தார்கள். பி.டி. மாஸ்டருக்கும் அதனால் ஒரு லாபமுமில்லை. சிங்காநல்லூரிலிருந்து வந்தவர் அடுத்த வாரமே வருவதை நிறுத்திவிட்டார். டீம் கலைந்தது. நான் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு யாரும் என்னிடம் பேசவுமில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. வேலை இருக்கிறவரை மனசாட்சியை ஒத்திவைக்க ஆயிரம் காரணம் கிடைக்கிறது. முதலில் அந்த மில்லுக்குப் போய்ப் பார்த்தேன். லேடீஸ் டீம் இல்லை. மில்லே பாதிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீசரை யாருக்கும் நினைவில்லை. அந்தப் பழைய கேப்டன் பெண் எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்கு இருந்தாள். அவள்தான் சொன்னாள்: அக்காவுக்கு மில் வேலை கிடைக்காமல் போனதும், அவர் அப்பா பல்லடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார். புருசன் வீட்டில் தறிக்குடோன்.

ஒரு நாள் காலையில் பல்லடம் போனேன். குடோனுக்குள் தறிகள் ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுக்கூடக் கேட்காது. அவர் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். தலையெல்லாம் பஞ்சு. நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் செய்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி கையெடுத்துக் கும்பிட்டு, "வணக்கமுங்க கோச்" என்று கத்தினேன். அவர் கணவர் தறியை நிறுத்தினார். வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவங்க எங்க ஸ்கூல் டீமுக்குக் கோச்சா இருந்தவங்க. நாங்க ஜெயிச்சது இவங்களாலதான். அன்னிக்கு நான் மறைச்சுப்போட்டேன். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேனுங்க" என்றேன். சொல்லும்போது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு மனசு லேசானது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "வெளிய வாங்கய்யா" என்று என்னை வாசலுக்குக் கூட்டிவந்தார். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்.

"அந்தப் பேருக்காகவாங்கய்யா நான் அன்னிக்கு உங்க ரூமுக்கு வந்தேன்?"

நான் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

"கோச்சுன்னு கூப்பிட்டா என்ன, கூப்பிடாட்டி என்னங்க. அந்த வேலைங்கய்யா. அது கெடைச்சிருந்தா நான் கிரவுண்டுல இருந்திருப்பனுங்க. அவ்வளவுதான். போச்சாதுங்க, உடுங்க, அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. வெயிலுக்கு முன்னால பஸ்ஸப் புடிங்க."

இத்தனை வருடமும் அவருடைய மரியாதையைப் பறித்துக்கொண்டேன் என்று நினைத்து வருந்தியிருந்தேன். மரியாதை என் அக்கறை. அவருடைய அக்கறை பிழைப்பு. அது அந்த வாசலில்தான் எனக்கு விளங்கியது.

சில வாரம் கழித்து எஸ்.டி.டி. பூத்துப் பெண் என்னைத் தெருவில் நிறுத்தினாள்.

"சார், பல்லடத்துல என்ன சொன்னீங்க?"

"ஏம்மா?"

"அக்கா போன் பண்ணுனாங்க. அவங்க ஊட்டுல இப்ப எல்லாரும் அவங்கள அப்புடித்தான் கூப்புடறாங்களாம். மாமியாக்காரி 'கோச்சுங்க, சோறு ஆச்சுங்களா'ங்கறாங்களாம். குடோன்ல நூல் அறுந்தா 'கோச்சுங்க, விசில் அடிங்க'ன்னு சிரிக்கறாங்களாம். ஊட்டுக்காரருதான் மொதல்ல ஆரம்பிச்சாராம்."

அவள் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னாள். "இனிமே அங்க வர வேண்டாம்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க சார். கோவமாச் சொல்லலீங்க."

சரி என்றேன். அதற்குப் பிறகு நான் பல்லடம் போகவில்லை.