புகைக்கூடத்துச் செங்கல்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது என்று ஆரம்பித்தால், அடுத்து என்ன வரப்போகிறது என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடியுங்கள், பரவாயில்லை. தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். முனி அடித்துவிட்டதாக லீவு கேட்ட பிள்ளையிடம், அந்த முனியை ஒரு நாள் வகுப்புக்குக் கூட்டி வா, அதற்கும் இரண்டு கணக்குக் கொடுக்கலாம் என்று சொன்னவள். இப்போது நானே இதைச் சொல்ல வாயெடுத்தால், அதில் பாதியைக் கண்ணால் கண்ட என் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போய்விடுகிறார். அவருக்கே இப்படியென்றால், நீங்கள் நம்பாததில் எனக்கு வருத்தமில்லை.

எழுபதுகளின் நடுவில், பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். தெரணியகலைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் இருந்தோம். அவர் ஸ்டோர் கிளார்க். பால் உறைந்து ஷீட்டாகி, புகைக்கூடத்தில் தொங்கிக் காய்ந்து, கட்டாக லொறியில் ஏறும்வரை எல்லாச் சாவியும் அவர் இடுப்பில்தான். ஷீட் களவு அடிக்கடி நடந்ததால் அவர் கைக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. மூடுகிற எதைக் கண்டாலும் அது தானாகப் பூட்டிவிடும். கோழிக்கூடு, மாவு டின், ஒரு தடவை கோயில் திருவிழாவில் ஐயரோடு சேர்த்து மடப்பள்ளி. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன்.

முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது ஏழாம் மாதம்வரை வந்தது. ஒரு காலை, கரும்பலகையில் பூவின் பாகங்களை வரைந்துகொண்டிருந்தபோது சேலை நனைந்தது. குனிந்து பார்த்தேன், இரத்தம். தோட்டத்து டொக்டரையா சிங்களவர், நல்ல மனுஷன், மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்: "நோனா, கட்டில் கால்மாட்டை உசத்தி வைங்க. எழும்ப வேணாம். இன்னொரு தரம் எழும்பி நடந்தா இந்தப் பிள்ளையும் இல்ல."

அவர் போனதும், பூப்பாத்தியைச் சுற்றி நட்டிருந்த செங்கல்லைப் பிடுங்கிக் கால்மாட்டில் வைத்தோம். அன்றிலிருந்து தலை கீழே, கால் மேலே. பலா மரக் கட்டில், மலை மாதிரிக் கனம். சாப்பாடு மூக்குக்குப் போகும். படித்த புத்தகத்தையெல்லாம் திரும்பப் படித்து முடித்து, கூரைத் தகரத்தின் ஆணிகளோடு பழக ஆரம்பித்தேன். எனக்கு எல்லாம் செய்தவள் மாரியாயி. கீழ் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், இருந்த பால்வெட்டுக்காரி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், வாயாடி. காலையில் இறப்பர் மரத்தில் பால் வெட்டி, ஸ்டோரில் கொடுத்துவிட்டு, புளித்த பால் வாடை மாறாத கையோடு வந்து என்னைத் துடைத்துவிடுவாள்.

"என்னங்க டீச்சரம்மா, வவ்வா மாதிரி தொங்குறீங்க? புள்ள பொறந்ததும் பறந்துறப் போவுது, சன்னல சாத்தி வைங்க" என்பாள். சிரிக்கவும் பயம். சிரித்தால் வயிறு குலுங்குமே.

அந்த நாள் பகல் முழுக்க மழை. மழையென்றால் பால்வெட்டு இல்லை, லயத்தில் எல்லோரும் கதவை அடைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். மதியத்துக்குப் பிறகு வாச்சர் ஓடி வந்து, ஆறு பெருகி ஸ்டோருக்குள் தண்ணீர் வருகிறது என்றான். இவர் குடையும் எடுக்காமல் ஓடினார். கதவு சாத்திய சத்தம் கேட்டது, அடுத்ததாக இன்னொரு சத்தம். எனக்கு மிகவும் பழக்கமான சத்தம். ஆமப்பூட்டு.

கோபம்கூட வரவில்லை, நம்புங்கள். வந்ததும் நன்றாகக் கேலி செய்ய வேண்டும் என்று வசனங்களை யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்போதுதான் கீழே மறுபடியும் வெதுவெதுப்பாக நனைந்தது. இந்த முறை நிற்கவில்லை.

கூப்பிட்டேன். தகரக் கூரையில் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, கீழ் லயத்துக்கு எங்கே கேட்கும்? சன்னலுக்குக் கம்பி. கதவுக்கு வெளியே பூட்டு. சன்னலருகே போய்த் துணியை ஆட்டினால் யாராவது பார்க்கக்கூடும், ஆனால் அதற்கு எழும்ப வேண்டும். எழும்பினால் பிள்ளை இல்லை. எழும்பாவிட்டால் இரத்தம் இப்படியே போய் இரண்டு பேரும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, தலைகீழாக, என் வீட்டில் என் கட்டிலில் நான் மாட்டிக்கொண்டேன். வெகுநேரம் கத்திப் பார்த்துவிட்டு, சரி, நடப்பது நடக்கட்டும், சன்னலுக்குப் போய்விடுவோம் என்று முடிவெடுத்துக் கையை ஊன்றினேன்.

என் கணுக்கால்கள் இரண்டையும் யாரோ பிடித்தார்கள்.

முதலில் இடது கால், பிறகு வலது. அழுத்தமில்லை, ஆனால் விடுகிற பிடியுமில்லை. கன்றுக்குட்டியைப் பிடித்து நிறுத்துவது போல. உள்ளங்கை சொரசொரப்பாக இருந்தது. எனக்குக் கால்மாட்டில் யார் என்று தெரியவில்லை. ஏழு மாத வயிறு நடுவில் குன்று மாதிரி நிற்கிறது, தலையோ பள்ளத்தில். "மாரியாயி?" என்றேன். அப்புறம் கட்டில் எழும்பியது. முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், சத்தமே இல்லாமல். நான் தலைமாட்டுப் பலகையில் போய் முட்டினேன். பிடித்த கைகள் கட்டிலையும் எப்படித் தூக்கின என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, இப்போதுதான் தினமும் தோன்றுகிறது. திமிறவில்லை. திமிறத் தோன்றாத மாதிரிப் பிடி அது. மழையைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்த வெதுவெதுப்பு நின்றது.

இருட்டும் நேரத்தில் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. அது கேட்டதும் கால்கள் லேசாகிவிட்டன. இவர் முழங்கால்வரை சேறோடு வந்து, தன் கையிலிருந்த சாவியைப் பார்த்துவிட்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேற்றுவது என் வேலையாயிற்று. பிறகுதான் அவர் கட்டிலைக் கவனித்தார். எங்கள் பூப்பாத்திச் செங்கல்லுக்குக் கீழே, இரண்டு கால்களிலும், வேறு செங்கற்கள். கரி பிடித்துக் கறுத்தவை. வெளியே அப்படிக் கொட்டும் மழை, இவை ஈரமே இல்லாமல் இருந்தன. தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். இளஞ்சூடு, சற்று முன் அடுப்பிலிருந்து எடுத்த பாண் மாதிரி.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் டொக்டரையா வந்து, இன்னும் உசத்தினது யார், கெட்டிக்கார வேலை என்றார். அவர் போனதும்தான் இவர் சொன்னார். காலையில் புகைக்கூடத்தைத் திறந்தபோது அடுப்புச் சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டை இருந்ததாம். அந்தப் பூட்டுக்கும் சாவி ஒன்றுதான், அதுவும் முந்தின நாள் முழுக்க அவர் இடுப்பில். தோட்டத்துத் துரை விசாரித்தபோது, மழையில் சுவர் விழுந்துவிட்டது என்று சொல்லி வைத்தார். உள்ளே எரிகிற அடுப்பின் சுவர் எந்த மழையில் விழும் என்று துரையும் கேட்கவில்லை.

எனக்குப் பெண் பிள்ளை, நல்ல சுகமாகப் பிறந்தாள். பிற்காலத்தில் கொழும்பில் ஒரு பெரிய டொக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். கட்டிலைச் சாய்ப்பதால் அப்படியொன்றும் பிரயோசனமில்லை, அசையாமல் கிடந்ததுதான் உங்களைக் காப்பாற்றியிருக்கும் என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அசையாமல் கிடந்தது என் கெட்டித்தனமில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மாரியாயியிடம் மட்டும் அப்போதே சொன்னேன். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தச் செங்கல்லைத் தொடாமல் பார்த்தாள்.

"எந்தக் கால மொதல்ல புடிச்சிச்சி?"

"இடது கால்."

"சரிங்க" என்றாள். ஏன் கேட்டாய் என்றதற்கு, வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டாள். அன்றிலிருந்து வேலையெல்லாம் செய்தாள், ஆனால் அறைக்குள் வரும்போது வாசலில் ஒரு கணம் நின்று, வழிவிட்டு வருவது போல ஓரமாக வருவாள்.

பிள்ளைக்கு மூன்று மாதமிருக்கும்போது அவள் குடும்பத்துக்கு, இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி, இந்தியா போகப் பேர் வந்தது. அந்தக் காலத்தில் வாரத்துக்கொரு குடும்பம் இப்படித் தகரப் பெட்டியோடு போய்க்கொண்டிருந்தது. போகிற அன்று காலை சொல்லிக்கொள்ள வந்தாள். இவர் ஸ்டோரில். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, என் கையைப் பிடித்து அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தோளுக்கு மேலாக, காலியாகக் கிடந்த அறைக்குள் பார்த்துச் சொன்னாள்:

"நான் போறேன். இனிமே இவுங்கள நீதான் பாத்துக்கணும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. விஞ்ஞான டீச்சர், திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். என்னை இன்றைக்கும் தூங்கவிடாதது அவள் சொன்னதுகூட இல்லை. சொல்லிவிட்டு அவள் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றாள். பிறகு, உள்ளேயிருந்து வந்த பதில் காதில் விழுந்தவள் போலத் தலையை ஆட்டிவிட்டு, லொறிப் பக்கம் நடந்து போனாள்.