பல்லால் கேட்கிறவர்

மரஸ்கேலின் ஒரு முனையை ஆர்மோனியத்தின் மேல்பலகையில் ஊன்றி, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார் வெள்ளைச்சாமி. இடது கை துருத்தி போடுகிறது. வலது கையின் ஒரு விரல் ஒரே கட்டையை அழுத்தியபடி இருக்கிறது. கடை வாசலில் திருச்சி பஸ் நின்று ஹாரன் அடிக்கிறது. ஆட்டோக்காரர்கள் இருவர் சவாரிக்குச் சண்டை போடுகிறார்கள். அவர் கண் திறப்பதில்லை. கேட்டால், "காது ரோட்டுக்கு, பல்லு பொட்டிக்கு" என்பார்.

திருக்கோகர்ணத்தில் பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி, ஆள் நீட்டிப் படுக்க முடியாத கடை அது. அந்த இரைச்சலில் காதை நம்பி ஆர்மோனியம் பழுது பார்க்க முடியாது என்று கண்டுகொண்டு, சத்தத்தை மரம் வழியாக எலும்புக்கு வாங்கப் பழகியிருக்கிறார். ஸ்கேலில் முதல் இரண்டு அங்குலம் பல் பட்டே தேய்ந்துவிட்டது. இப்போது அது மூன்றில்தான் தொடங்குகிறது. பங்குனி, சித்திரையில் நாடகத்துக்கு வாசிக்கிறவர்கள் பெட்டியோடு வரிசையில் நின்று, "என்ன சாமி, இன்னைக்கும் பலகாரம் ஸ்கேலுதானா?" என்று கேலி பேசுவார்கள்.  சுருதி சேரும்வரை ஸ்கேல் வாயை விட்டு இறங்காது. டீ வந்தால் கடைவாய்க்கு ஒதுக்கிக்கொண்டு குடிப்பார். வேலை சரியாக அமைந்தால் மட்டும் அதை எடுத்து, வேட்டி நுனியில் இரண்டு பக்கமும் துடைத்து, சட்டைப் பையில் செருகுவார். அதனால் அவரிடம் வேலை கொடுத்தவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வயது ஐம்பத்தெட்டு. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வளர்த்திருக்கிறார், ரீடைச் சுண்டிப் பார்க்க. ஊறுகாய் தொட மாட்டார். நாக்கில் புளிப்பு இருந்தால் பித்தளை ருசி பிடிபடாதாம். ஆம், ஒவ்வொரு ரீடையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத்தான் கையில் எடுப்பார்.

ரீடு என்றால் என்ன என்று யார் கேட்டாலும் சலிக்காமல் சொல்வார். ஒரு பித்தளைத் தகடு, அதில் நீளமாக ஒரு சந்து, சந்தின் மேல் ஒரு பக்கம் மட்டும் இறுக்கிய மெல்லிய நாக்கு. "காத்து சந்துக்குள்ள போவணும்னா நாக்கு வழி விடணும். விட்டுட்டுச் சும்மா இருக்காது, திரும்பி வந்து மறிக்கும். விடும், மறிக்கும். காத்துல கதவு அடிச்சுக்குதுல்ல, அந்த மாதிரி. ஒரு செகண்டுக்கு நாநூறு தடவ அடிச்சா அதுக்குப் பேரு சுதி." நுனியில் சுரண்டினால் நாக்கின் பாரம் குறைந்து சுருதி ஏறும். அடியில் சுரண்டினால் நாக்கு தளர்ந்து இறங்கும். இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுரண்டிக்கொண்டிருந்தால் நாக்கு காகிதமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு சுரண்டலுக்கும் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பார்க்கிற நமக்கும் மூச்சு நிற்கும்.

எங்கள் ஊருக்கு ஆவூரிலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும். எங்கள் வேதக்கோவில் சிறியது. அதைக் கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடிக்கிற வேலை எனக்கு. கோவிலில் உள்ளது காலால் மிதிக்கும் ஆர்மோனியம். அதை வாசிப்பது பிரின்சி டீச்சர். போன வருஷம் பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடும்போது, அந்தப் பாட்டு எடுக்கிற கட்டையே ஒரு கரகரப்போடு அடங்கிப்போனது. டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும், மகிழ்ச்சிப் பாட்டான வானவர் கீதம் கிடையாது. பெரிய வியாழக்கிழமை ஒரு தடவை பாடுவோம். அது முடிந்ததும் மணியும் ஆர்மோனியமும் அடங்கிவிடும். வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆண்டவர் மரித்திருக்கிற நாள். மணிக்குப் பதில் மரக்கட்டைதான் தட்டுவோம். சனிக்கிழமை உயிர்ப்புப் பூசையில் மறுபடி அந்தக் கீதத்தை எடுக்கும்போதுதான் எல்லாம் ஒன்றாகச் சத்தம் போடும். அந்த முதல் சுரம் கெட்டால் அந்த வருஷமே கெட்டது என்று எங்கள் ஊரில் பேசுவார்கள். பங்குச் சாமியார் அப்படி நினைக்காதீர்கள் என்பார். ஆனாலும் பேசுவார்கள்.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டதில், மறுநாள் வெள்ளிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வெள்ளைச்சாமி வந்தார். சாயங்காலச் சடங்குக்காக, பாடுபட்ட ஆண்டவர் சுரூபத்தைப் பீடத்துக்குக் கீழே வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தவர், அதைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு சத்தமில்லாமல் பெட்டியைத் திறந்தார். ரீடு அடிப்பக்கம் கீறியிருந்தது. சுற்றிலும் பச்சைக் களிம்பு. நாக்கில் வைத்தவர் முகம் சுளித்தார்.

"உப்புக் கரிக்குது. கடக்கரையிலயா இருந்துச்சு இந்தப் பொட்டி?"

என் கண் தீர்த்தச் செம்புக்குப் போனது. ஞாயிறுதோறும் விடியற்காலம் கதவுக்கும் பீடத்துக்கும் தீர்த்தம் தெளிக்கும்போது, ஆர்மோனியத்துக்கும் நாலு சொட்டுத் தெளிப்பேன். எட்டு வருஷமாக. எங்கள் தீர்த்தத்தில் மந்திரித்த உப்புக் கலந்திருக்கும். அவர் தீர்த்தச் செம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்ன கோளாறு என்று பிரின்சி டீச்சர் குனிந்து கேட்டபோது, "பித்தளைக்கும் வயசாகும்ல டீச்சர்" என்று சொல்லி, களிம்பைத் துண்டால் துடைத்துவிட்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. வேறு ரீடு போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடுவோம், யாருக்குக் கேட்கப் போகிறது என்றார் டீச்சர். வெள்ளைச்சாமி மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"எங்க தெருவுல ஒரு சாவுன்னா, எடுக்குற வரைக்கும் கோயில் நடை தெறக்க மாட்டாக. மேளம் தொட மாட்டாக. இங்க சாமியே செத்துக் கெடக்குறாரு. நான் ஆர்மோனியம் வாசிச்சுப் பாக்கவா?"

டீச்சர் விடுகிற ஆள் இல்லை. நேரே போய்ப் பங்குச் சாமியாரைக் கேட்டு வந்தார். பாடத்தான் கூடாது, பழுது பார்க்கச் சத்தம் போட்டால் குற்றமில்லை என்று சாமியார் சொன்னாராம்.

"அவரு சொல்லுவாரு டீச்சர், நல்ல மனுஷன். கெடக்குறவருகிட்ட கேட்டீகளா?"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைக்கு அது கத்தினால் ஊர் என்னைத்தானே சிரிக்கும் என்றார். என்னைச் சிரிக்கச் சொல்லுங்கள், வெள்ளைச்சாமி கெடுத்தான் என்று சொல்லுங்கள் என்றார் இவர். 

கீறின ரீடையும், அதே சுரத்தின் கீழ் ஸ்தாயி ரீடையும் கழற்றிக்கொண்டு கோவிலுக்குப் பின்னால் நடந்தார். நான் தண்ணீர்ச் செம்போடு கூடப் போனேன். வறண்ட கண்மாயைத் தாண்டி, கோவிலுக்குச் சத்தம் எட்டாத தூரத்தில் கருவேல மர நிழலில் உட்கார்ந்தார். இங்கே மட்டும் சத்தம் போடலாமா என்று கேட்டேன். தனி ரீடு வாத்தியம் இல்லை, வெறும் தகடு என்றார்.

தைல டப்பாவில் பழைய ரீடுகள் வைத்திருந்தார். ஒன்றைத் தேர்ந்து, பெட்டியிலிருந்து எடுத்த கீழ் ரீடோடு சேர்த்து உதட்டில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தார். இரண்டும் ஒன்றாக ஒலித்தன, ஆனால் நடுவில் ஓர் அலை அடித்தது. சுரம் ஒன்றுபடாவிட்டால் அப்படி அலை அடிக்குமாம். நாக்கு நுனிக்குக் கீழே பிளேடைக் கொடுத்து, கத்தி முனையால் ஒரு சுரண்டல். மறுபடி உதட்டுக்கு. அலை கொஞ்சம் மெதுவானது. இன்னொரு சுரண்டல். ஊஞ்சல் நிற்கப் போவதுபோல் அலை தணிந்துகொண்டே வந்து அடங்கியது. முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அவர் இன்னும் ஒரு முறை சுரண்டினார். ஓய்ந்த அலை மறுபடி மெல்ல எழுந்தது.

"அண்ணே, இப்ப ஏறிப்போச்சுல்ல?"

"ஏத்தித்தான் வச்சேன் தங்கச்சி. வாயில ஒரு கொரலு, பொட்டிக்குள்ள ஒரு கொரலு. உள்ள போனா ஒரு இம்மி எறங்கும்."

"எறங்கலேன்னா?"

அவர் ஸ்கேலை எடுத்து வாயில் கடித்துக்கொண்டார்.

கோவிலுக்குத் திரும்பி இரண்டு ரீடையும் மாட்டி, பெட்டியை மூடி, தம் துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கட்டைகள் மேல் போர்த்தினார். நாளை வரை கிடக்கட்டும், அதற்கு அப்புறமும் கிடந்தால் நல்லதுதான் என்று என்னைப் பாராமல் சொன்னார். பஸ் ஏறும்போதும் ஸ்கேல் வாயிலேயே இருந்தது. "பெருசு, எந்த ஸ்கூலு?" என்று கண்டக்டர் கேட்டது கீழே நின்ற என் காதில் விழுந்தது.

சனிக்கிழமை அவரை யாரும் வரச் சொல்லவில்லை. நாடகக்காரர்கள் இரண்டு பேர் அவர் கடையில் காத்திருந்தார்களாம். சாமியாருக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வேறு ஊரில் பூசை என்பதால் எங்களுக்கு ஏழு மணிக்கே தொடங்கியது. விளக்கெல்லாம் அணைத்து, புதுத் தீயிலிருந்து மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டு கூட்டம் உள்ளே வந்தபோது, ஆர்மோனியத்துக்குப் பின்னால் தரையில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வாயில் ஸ்கேல். வேட்டி மடிப்புக் கலையாமல் புதிதாக இருந்தது. வேத வாசகங்கள் ஒவ்வொன்றாக நீண்டன. அவர் அசையவில்லை. பிரின்சி டீச்சர் மட்டும் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  என் ஆண்டவரே, தண்ணீர் தெளித்தது நான், இந்த மனுஷனைக் கைவிடாதேயும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாமியார் வானவர் கீதத்தை எடுத்தார். விளக்குகள் எல்லாம் எரிந்தன. நான் கயிற்றை இழுத்தேன். பெரிய மணி, கைமணிகள், வெளியே வெடி, எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. டீச்சர் துண்டை எடுத்துவிட்டு அந்தக் கட்டையை அழுத்துவது தெரிந்தது. அது என்ன சொன்னது என்று எனக்குக் கேட்கவில்லை. வெளியே நின்ற ஒருவருக்கும் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற பாடகர் குழுவுக்கே கேட்டதோ என்னவோ. டீச்சர் வாசித்துக்கொண்டே பின்னால் பார்க்க முயன்றார், முடியவில்லை. வெள்ளைச்சாமி ஸ்கேலைப் பெட்டியின் பின்பலகையில் ஊன்றிக் கண்ணை மூடியிருந்தார்.

முதல் அடி முடிந்தது. ஸ்கேல் வாயில் இருந்தது. இரண்டாவது அடியிலும் பாட்டு அந்தச் சுரத்துக்கே திரும்பி வந்தது. அவர் ஸ்கேலை வாயிலிருந்து எடுத்தார். என் கை கயிற்றில் தளர்ந்தது. ஊன்றிய இடத்தை ஒரு சாண் தள்ளி வைத்து மறுபடி கடித்தார். புருவம் நெரிந்தது. நான் கயிற்றை இழுத்துக்கொண்டே அந்தப் புருவத்தைப் பார்த்தேன். கடைசி அடி வந்தது.

ஸ்கேல் வாயை விட்டு இறங்கியது. அவர் வேட்டி நுனியை இழுத்தார். ஒரு பக்கம் துடைத்தார். திருப்பி, மறு பக்கமும் துடைத்தார்.