காலியான காலியம்

அந்தப் பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்தியவருக்கு மாணவிகள் வைத்திருந்த பெயர் பூட்டு டீச்சர். ஆய்வகக் கதவுக்கு ஒரு பூட்டு, அமில அலமாரிக்கு ஒரு பூட்டு, தராசுப் பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் வராந்தாவில் நடந்து வந்தால், சத்தம் கேட்டே வகுப்பு அடங்கிவிடும்.

பிறவியிலேயே அவர் அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரையும் நம்பிவிடுகிற ஆளாகத்தான் இருந்தார். அந்த வருஷம் செய்முறைத் தேர்வன்று ஒரு பிள்ளையின் சோதனைக்குழாயிலும் வெள்ளை வீழ்படிவு வரவில்லை. வெள்ளி நைட்ரேட் இருக்க வேண்டிய பாட்டிலில் யாரோ வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பிள்ளைகளின் முன்னாலேயே டீச்சரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். எடுத்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த ஒரு ஆளோடு போயிருக்கும். தெரியாமல் போனதால், அன்றிலிருந்து எல்லார் மேலும் அவருக்கு ஒரு கண்.

அப்படிப்பட்டவர் பல வருஷம் பாடுபட்டுச் செய்தது ஒரு கண்ணாடி அலமாரி. தனிம வரிசை அட்டவணையை அப்படியே சுவரில் நிறுத்தியது மாதிரி இருக்கும். ஒவ்வொரு கிடை வரிசைக்கும் ஒரு அலுமினியச் சட்டம். சட்டத்தின் மேல் வரிசையாகத் திருகாணி போட்டு இறுக்கிய சின்னச் சின்ன மரக்கட்டைகள். கட்டை நடுவே துளை, துளைக்குள் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் அசல் தனிமம். பொட்டாசியம் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். புரோமின் வாய் உருக்கி மூடிய குழாயில் செம்பழுப்பாகத் ததும்பும். வைக்கக் கூடாத கதிரியக்கச் சரக்குகளுக்கு மட்டும் வெறும் அட்டை.

கடைசியாக வந்து சேர்ந்தது காலியம். கையில் வைத்தால் உருகும் உலோகம் என்றால் யாருக்குத்தான் கை அரிக்காது? அதனால் டீச்சர் முன்ஜாக்கிரதையாக ஒரு வேலை செய்தார். வெயில் காலம் அது. காலியத்தை உருக்கி, கண்ணாடிக் குழாயில் கழுத்துவரை ததும்பத் ததும்ப ஊற்றி, தக்கை அடைத்து, அரக்கு வைத்து, மேலே தன் கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் ஒட்டினார். ஒரு சொட்டு குறைந்தாலும் மட்டம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது கணக்கு. வெயில் தணிந்த பிறகும் அது உறையாமல் திரவமாகவே கிடந்தது. காலியத்துக்கு அந்தப் பிடிவாதம் உண்டு.

ஆய்வக உதவியாளராக இருந்தவள் டீச்சரின் சொந்தத் தம்பி மனைவி. வீட்டில் "அக்கா" என்பாள், பள்ளியில் "டீச்சர்" என்பாள். வாய் ஓயாது. இந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்ததே டீச்சர்தான். வெளியாளை விட வீட்டாள் மேல் என்று நினைத்தார். அலமாரியின் இன்னொரு சாவி அவளிடம் இருந்தது.

"டீச்சர், ஒரே ஒரு தடவை கையில ஊத்திப் பாக்கலாமா?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"வேடிக்கை பாக்கவா வாங்கி வெச்சிருக்கு? போய்க் குழாயைக் கழுவு."

அந்தக் கேள்வியை டீச்சர் மறக்கவில்லை.

குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. விடுமுறை முழுக்க விரல் விறைக்கிற குளிர். கடைசி இரண்டு மூன்று நாள்தான் நல்ல வெயில். மேற்கு ஜன்னல் வழியாக வந்து அலமாரிமேலேயே விழும் வெயில். முதல் வகுப்பில் டீச்சர் அணு அமைப்பை நடத்திக்கொண்டிருந்தார்.

"அலுமினியத்துல எலக்ட்ரான் எத்தனை? பதிமூணு. ரெண்டு, எட்டு, மூணுன்னு கூடு கூடா உக்காந்திருக்கு. அதுக்கு நேர் கீழ இருக்குறது முப்பத்தொண்ணு. ரெண்டு, எட்டு, பதினெட்டு, மூணு. உள்ள எத்தனை கூடு இருந்தாலும் வெளிக்கூட்டுல ரெண்டுக்கும் மூணுதான். அதனாலதான் ரெண்டும் ஒரே தொகுதி, ஒரே குடும்பம். இதைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே, இங்க ஒருத்தர் வரணும்னு அட்டவணையில இடம் போட்டுக் காத்திருந்தாங்க. அவரு யாரு?"

"காலியம்!" என்று வகுப்பே கத்தியது.

டீச்சர் கம்பை நீட்டிக் குழாயைத் தொடப் போனார். முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது.

"டீச்சர், காலியம் காலி!"

வகுப்பு சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. டீச்சர் குனிந்து பார்த்தார். குழாயில் ஒன்றுமில்லை. கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளியாக ஒரு பூச்சு மட்டும். அரக்கு அப்படியே இருந்தது. கையெழுத்தும் கலையவில்லை. அலமாரியின் பூட்டும் சரியாகவே இருந்தது.

கைதேர்ந்தவர்கள் வேலை என்று முடிவு கட்டினார். அரக்கை அலுங்காமல் எடுத்து, திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் குழாயை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். தானும் தொடவில்லை. கைரேகை அழிந்துவிடுமாம். போலீஸ்காரர் யாரும் வரப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் தொடவில்லை.

மதிய இடைவேளையில் தம்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"லீவுல நீ இங்க வந்தியா?"

"வந்தேனே டீச்சர். தண்ணிக் குழாய் ரிப்பேருக்கு ஆள் வர்றான், கூட நில்லுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அலமாரியைத் தொறந்தியா?"

"தூசி தட்டினேன். ஏன்?"

"அப்ப காலியம் இருந்துச்சா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான் கவனிக்கலையே."

யோசித்தாளே, அங்கேதான் டீச்சருக்கு இடறியது. இருந்ததா இல்லையா என்று சொல்ல யோசனை எதற்கு?

சந்தேகத்துக்குத் தீனி அந்த ஞாயிற்றுக்கிழமையே கிடைத்தது. டீச்சரின் தம்பி பகலில் ஒரு அச்சகத்தில் வேலை பார்ப்பவன். விடுமுறை நாட்களில் குழந்தைகளுக்கு மேஜிக் காட்டுவான். அன்று ஒரு பிறந்தநாள் வீட்டில் அவன் நிகழ்ச்சி. டீச்சரும் கணவரும் போயிருந்தார்கள். புறா வந்தது, கைக்குட்டை வந்தது. கடைசியில் தம்பி பளபளவென்று ஒரு ஸ்பூனை எடுத்து, எல்லாருக்கும் தட்டிக் காட்டிவிட்டு, ஆவி பறக்கும் டீயில் விட்டுக் கலக்கினான். வெளியே எடுத்தபோது கையில் காம்பு மட்டும். பிள்ளைகள் வீடே இடிந்துவிழுகிற மாதிரி கத்தினார்கள்.

டீச்சருக்கு அலமாரியின் காலிக் குழாய்தான் ஞாபகம் வந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் தம்பியை ஓரங்கட்டினார்.

"அது என்ன ஸ்பூன்டா?"

"புது ஐட்டம்க்கா. எப்படி இருந்துச்சு?"

"எங்க கெடைச்சுது?"

"தொழில் ரகசியம்க்கா. கேக்காத." சிரித்தபடி மனைவியைப் பார்த்தான். அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் கணவரிடம் கொட்டித் தீர்த்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார்.

"ஸ்பூன் உருகினதுக்கும் உன் குழாய் காலியானதுக்கும் முடிச்சுப் போடுறியே. நேரா அவன்கிட்டயே கேட்டுடேன்."

"கேட்டா ஒத்துக்குவானா? ரெண்டு பேரும் பாத்துக்கிட்ட பார்வைய நீங்க பாக்கல."

"புருஷன் பொண்டாட்டி பாத்துக்கிட்டா அதுக்கும் கேஸா? நம்ம வீட்டுல அது இல்லாம எனக்கே மறந்துபோச்சு."

டீச்சர் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து கண்காணிப்பு தொடங்கியது. மற்ற குழாய்களிலெல்லாம் மட்டத்துக்கு நேராக மையால் கோடு போட்டார். அலமாரிக் கதவின் இடுக்கில் ஒரு தலைமுடியை ஒட்டி வைத்துவிட்டுப் போனார். காலையில் முடி இல்லை. காற்றில் போயிருக்கலாம் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. தம்பி மனைவி பையைத் தூக்கினால் பையைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்தால் கையைப் பார்த்தார். வாயோயாமல் பேசுகிறவள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அதையும் டீச்சர் குற்றமுள்ள நெஞ்சு என்றே எடுத்துக்கொண்டார்.

பத்துப் பதினைந்து நாள் இப்படி ஓடியது. ஒரு நாள் வகுப்பில்லாத நேரத்தில் டீச்சர் கையை நீட்டினார்.

"அலமாரிச் சாவியக் குடு."

"எதுக்கு டீச்சர்?"

"இனிமே என்கிட்டயே இருக்கட்டும்."

அவள் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. "அக்கா," என்றாள். பள்ளிக்குள் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என்னைத் திருடின்னு நெனைக்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வாயால சொல்லணுமா? என் பையைப் பாக்குறீங்க, கையைப் பாக்குறீங்க. கேக்கணும்னா கேளுங்க. அந்தக் காலியத்தை எடுத்தியான்னு நேரா கேளுங்க."

"சரி, கேக்குறேன். எடுத்தியா? உன் புருஷன் டீயில கலக்கினானே, அது எங்கேருந்து வந்துச்சு?"

சொன்ன வேகத்தில் டீச்சர் திறந்திருந்த அலமாரிக் கதவை ஓங்கிச் சாத்தினார்.

உள்ளே 'நொறுக்' என்று ஒரு சத்தம். நான்காம் வரிசைச் சட்டம், காலியம் நின்ற இடத்தில் இரண்டாக முறிந்து தொங்கியது. வலது பக்கத்துக் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. புரோமின் குழாய் துளையிலிருந்து பாதி வெளியே வந்து ஆடியது. அது உடைந்தால் மூச்சு விட முடியாது. தோலில் பட்டால் வெந்துபோகும்.

தம்பி மனைவி பாய்ந்து கதவைத் திறந்து, முறிந்த சட்டத்தை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கிப் பிடித்தாள்.

"நான் புடிச்சுக்கிட்டேன். நீங்க புரோமினை எடுங்க. சீக்கிரம்க்கா, கை நழுவுது!"

டீச்சர் புரோமினை உருவி, அப்படியே கொண்டுபோய் மணல் வாளியில் நிறுத்தினார். பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. எல்லாம் கீழே வந்ததும் தம்பி மனைவி கையை எடுத்தாள். சட்டத்தின் ஒரு துண்டு அவள் விரலோடு வந்தது. பிசைந்தாள். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"என்னக்கா இது? அலுமினியம் இப்படியா உதிரும்?"

டீச்சர் காலியக் குழாயைக் கையில் எடுத்தார். இத்தனை நாள் தொடாத குழாய். கட்டைக்குள் மறைந்திருந்த அதன் அடிப்பாகம் பிளந்து கழன்றிருந்தது. மரக்கட்டையின் துளைக்குள்ளும், சட்டத்தில் திருகாணி இறங்கிய ஓட்டையைச் சுற்றியும் வெள்ளிக் கறை.

அவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. தண்ணீர் பனிக்கட்டியானால் பெருக்கும் என்று வருஷா வருஷம் நடத்துகிறார். காலியமும் அப்படித்தான், உறைந்தால் பெருக்கும் என்றும் சேர்த்தே நடத்துகிறார். விடுமுறைக் குளிரில் அது உறைந்திருக்கிறது. விரிய இடமில்லை. கழுத்துவரை ஊற்றி அரக்கு வைத்து அடைத்தது யார்? குழாயின் அடி பிளந்திருக்கிறது. வெயில் பட்டதும் உருகிக் கீழே இறங்கி, திருகாணி கீறிய இடம் வழியாக அலுமினியத்துக்குள் நுழைந்து, அதன் துகளுக்கும் துகளுக்கும் நடுவே பரவி, உள்ளுக்குள்ளேயே பிரித்துவிட்டிருக்கிறது. ஒரே நிறமாக இருந்ததால் சட்டத்தின் மேல் கறையும் கண்ணில் படவில்லை.

"யாரும் எடுக்கல," என்றார், குழாயைப் பார்த்தபடியே. "எங்கயும் போகல. இங்கயேதான் இருந்திருக்கு."

தம்பி மனைவி குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலமே டீச்சர் தம்பி வீட்டுக்குப் போனார். கணவர் கூட வருவதாகச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பி எதிரே வந்து நின்றான். கையில் ஒரு ரப்பர் அச்சு, ஸ்பூன் வடிவத்தில். கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பா. மேஜிக் சாமான் கடையின் பெயர் அதன்மேல் அச்சாகியிருந்தது.

"இந்தா பாத்துக்க. தொழில் ரகசியம். உருக்கி இதுல ஊத்தினா ஸ்பூன். அதுவும் காலியம்தான், நீ சந்தேகப்பட்டது சரிதான். ஆனா இது என் காசுல வாங்கினது. நேரா கேட்டிருந்தா அன்னிக்கே காட்டியிருப்பேன்ல?"

"கேட்டேனேடா. ரகசியம்னியே."

"திருட்டுப் போச்சுன்னு சொல்லிக் கேட்டியாக்கா?"

டீச்சர் உள்ளே போனார். தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"தப்பு என்மேலதான்மா. மன்னிச்சுக்க."

"பரவால்லக்கா." அவள் குரலில் கோபம் இல்லை. "வேலைக்கு வர்றேன். ஆனா ஒண்ணு. இனிமே எந்தச் சாவியும் என்கிட்ட குடுக்காதீங்க."

சொன்னபடியே நடந்தாள். புது அலமாரிக்கு மரச்சட்டம் போட்டார்கள். காலியம் பிளாஸ்டிக் குப்பியில், பாதிக்கு மேல் காலியிடம் விட்டு வந்து உட்கார்ந்தது. ஆனால் எதற்கும் டீச்சரேதான் எழுந்து வர வேண்டியிருந்தது. ஒரு சோதனைக்குழாய் வேண்டுமென்றாலும் அவள் அலமாரியின் முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "டீச்சர், கொஞ்சம் தொறந்து விடுறீங்களா?" மரியாதைக்குக் குறைவில்லை. பழைய கலகலப்புதான் இல்லை.

ஒரு நாள் மதியம் டீச்சர் மனசைத் திடப்படுத்திக்கொண்டார். எல்லா அலமாரிகளையும் திறந்து போட்டுவிட்டு, "நான் ஆசிரியர் அறைக்குப் போறேன், நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அங்கே போய் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். விடைத்தாளைப் பிரித்து, படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தார். பாதியில் எழுந்து வேகமாக ஆய்வகத்துக்கு வந்துவிட்டார்.

தம்பி மனைவி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எதற்காக வந்தார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபப்படப் போகிறாள் என்று டீச்சர் நினைத்தார். ஆனால் அவள் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"எல்லாம் இருக்குக்கா. வேணும்னா ஒரு தடவை எண்ணிப் பாத்துக்கோங்க."

"சும்மாதான் வந்தேன்," என்றார் டீச்சர்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அவள் காலடிச் சத்தம் வராந்தா முனையில் திரும்புகிறவரை டீச்சர் பொறுத்திருந்தார். பிறகு அலமாரியின் முன் போய் நின்று, ஹைட்ரஜனிலிருந்து எண்ணத் தொடங்கினார்.