கோமளா மேடம் அடித்த ஒரு வரி

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆதார் கார்டை நீட்டிவிட்டு நின்றேன். கடைக்காரம்மா, "எதுக்கும் ஒண்ணு எக்ஸ்ட்ரா போட்டுடவா சார்?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சூடாக வந்த தாளைக் கையில் வாங்கியதும் அந்த வாசனை. சூடான பேப்பருக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அது மன்னார்புரம் வாசனை.

மன்னார்புரத்தில் ஒரு பார்சல் லாரி கம்பெனியில்தான் என் முதல் வேலை. அக்கவுன்ட்ஸில் கடைக்குட்டி. ஆனால் தபாலில் படித்து ஒரு மேனேஜ்மென்ட் டிப்ளமோ வாங்கி வைத்திருந்தேன், அதைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பாவம்தான், ஒரு நாள் சின்ன முதலாளி கூப்பிட்டு, "பேப்பரைப் பண்டல் பண்டலா வாங்கிப் போடறேன். எங்கதாம்ப்பா போகுது? திங்கிறாங்களா? நீதான் படிச்சவனாச்சே, கண்டுபிடிச்சு ஒரு ரிப்போர்ட் குடு" என்றார்.

மூன்று இரவு யோசித்து நான் கண்டுபிடித்த மகத்தான முறை, பிரிண்டும் ஜெராக்ஸும் எடுக்கும் மிஷின் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிறு போட்டுக் கட்டுவது. யார், எத்தனை தாள், எதற்கு என்று எழுத வேண்டும். மறுநாளிலிருந்து ஆபீஸில் எல்லாரும் டீ நேரத்தில் அந்த நோட்டைத்தான் படித்தார்கள். "மகள் ஜாதகம், பத்து. மாப்பிள்ளை அமைந்தால் நிறுத்தப்படும்" என்று புக்கிங் கிளார்க் எழுதியிருந்தார். "பையன் கணக்குப் பரீட்சை. சொந்த விஷயம்தான், மன்னிக்கவும்" என்று ஒருவர். டிரைவர்கள் எல்லாவற்றுக்கும் "அவசரம்" என்று ஒரே காரணம் எழுதினார்கள். எங்கள் கழிவுத்தாள் எங்கே போகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. காந்தி மார்க்கெட்டில் வெற்றிலை வாங்கினேன், நான் கையெழுத்துப் போட்ட வவுச்சரிலேயே மடித்துக் கொடுத்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் ஜாதகமும் பரீட்சையும் சேர்ந்தாலும் பண்டல் கணக்கு வரவில்லை. மிச்சம் எல்லாம் ஒரே ஆளிடம் போய் நின்றது. கோமளா மேடம்.

கோமளா மேடம் ஸ்ரீரங்கம். கம்பெனியிலிருந்து வெளியே போகும் கடிதமோ, முதலாளி மேஜைக்குப் போகும் காகிதமோ, எதுவானாலும் அவர் பிழை பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் நகரும். பெரிய முதலாளி காலத்து விதி அது. வீட்டுக்காரர் கோயில் கைங்கர்யம், வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இவர் சம்பளத்தில்தான் குடும்பம். ரிடையர் ஆக இன்னும் நாலு வருஷம். அப்பேர்ப்பட்டவர் தினமும் சாயங்காலம் ஒரு கத்தை அச்சடித்து ஒயர்கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போகிறார். ஸ்தோத்திரப் புத்தகம் போட்டு வீதி முழுக்க விநியோகம் செய்கிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு நாள் அவர் ஏறிய பஸ்ஸிலேயே ஏறினேன். ஒரு பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு, காவேரிப் பாலம் தாண்டி, சித்திரை வீதியில் அவர் பின்னாலேயே போனேன். வாசலில் திரும்பி நின்று, "உள்ள வாடாப்பா, காபி சாப்பிட்டுப் போ" என்றார்.

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"முகமெல்லாம் தெரியல. ரெண்டு வருஷமா எதுதான் தெரியறது? உன் செருப்புச் சத்தம்தான் ஆபீஸ் பூரா தெரியுமே."

கூடையிலிருந்ததை எடுத்துக் காட்டினார். எல்லாம் எங்கள் கம்பெனிக் கடிதங்கள்தான். எழுத்து ஒவ்வொன்றும் இட்லி சைஸுக்கு. ஒரு பக்கக் கடிதம் ஆறு பக்கமாகியிருந்தது. கண்ணில் புரை. சின்ன எழுத்து படிக்க முடியாததால் பெரிதாக அச்சடித்து, ஆபீஸில் யாரும் பார்க்காமல் வீட்டில் ட்யூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து பிழை பார்த்து, காலையில் திருத்தத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். ஆபரேஷனுக்கு லீவு எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். கண் தெரியாதவருக்குப் பிழை பார்க்கும் வேலையை யார் கொடுப்பார்கள்?

"நீ பார்த்ததை எழுது. நான் ஒண்ணும் சொல்லல" என்றார். காபி நன்றாக இருந்தது.

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். எட்டுப் பக்கம். சிக்கனத்தைப் பற்றிய ரிப்போர்ட்டுக்குக் கலரில் படம் போட்ட அறிவாளி நான்தான். செலவுக்கு முக்கியக் காரணம் என்ற இடத்தில், "மிஷின் பழசு. ஒரு தாளுக்கு ஆறு தாள் வீணாக்குகிறது" என்று எழுதினேன். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு விதிப்படி கோமளா மேடம் மேஜையில் வைத்தேன்.

அவர் அதையும் வழக்கம்போலப் பெரிதாக அச்சடித்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். நாற்பத்தெட்டுப் பக்கம். காலையில் திரும்பி வந்தபோது பத்திக்குப் பத்தி சிவப்பு மை. அந்த மிஷின் வரியை மட்டும் ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தார். பக்கத்தில், "இது உண்மையல்ல. மிஷின் நன்றாக இருக்கிறது. ரெண்டு வருஷமாக என் கண்தான் சரியில்லை. கோமளா."

"என்ன மேடம் இது? உங்களுக்காகத்தானே எழுதினேன்?"

"தெரியறது. தப்பைப் பார்த்துட்டு விடறதுக்கா எனக்குச் சம்பளம்?"

அவரே எடுத்துக்கொண்டு போய் சின்ன முதலாளியிடம் கொடுத்தார். நான் கதவோரம் நின்றேன். முதலாளி அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டு வருஷமா ஒரு லெட்டர்ல ஒரு தப்பு வரலையேம்மா" என்றார். அப்புறம், "லீவு எடுத்துக்கிட்டு ஆபரேஷனை முடிச்சிட்டு வாங்க. உங்க சீட்ல யாரும் உட்கார மாட்டாங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "உனக்கு ஏம்ப்பா அந்த மிஷின் மேல அவ்வளவு கோபம்?" என்றார்.

கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்து, ரிடையர் ஆகும்வரை அதே சீட்டில்தான் இருந்தார். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. இப்போது அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் ஒரு செல்போன் ஷோரூம் இருக்கிறது.

நான் வேறு கம்பெனியில் மேனேஜராக இருக்கிறேன். எங்களிடம் பேப்பரே கிடையாது, பேப்பர் செலவும் கிடையாது. எழுதியதை நானே அனுப்புகிறேன், நடுவில் ஒரு மேஜையும் இல்லை. போன மாதம் ஒரு ரிப்போர்ட்டில், என் தாமதத்தை மறைக்க சர்வர் மேல் பழி போட்டு ஒரு வரி எழுதினேன். அனுப்பிவிட்டு அரை நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது அந்த வரியை அடிப்பார்கள் என்று உண்மையாகவே காத்திருந்தேன்.

மேலதிகாரியிடமிருந்து உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.