தாத்தா பூவும் அத்தாவின் விரலும்

கசக்கினால் ஒரு கசப்பு வாசனை கையில் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. நெட்டைக் காம்பின் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு மஞ்சள் பூ, ஓரத்தில் நாலைந்து வெளிறிய இதழ்கள். "தாத்தா பூ" என்போம். தாம்பரம் தண்டவாள ஓரத்திலிருந்து எங்கள் தெருச் சாக்கடை வரை, யாரும் விதைக்காமல் வருஷம் முழுக்கப் பூத்துக் கிடக்கும். மற்றப் பிள்ளைகள் பூவின் தலையைச் சுண்டி விளையாடுவார்கள். எனக்கு வேண்டியது இலை.

என் தகப்பனாரை அத்தா என்று கூப்பிடுவோம். திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. இரும்புச் சுருள் கையைக் கீறாத நாளே கிடையாது. சாயங்காலம் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவார். நான் இலையைக் கசக்கிக் கீறலில் சாறு பிழிவேன். எரிச்சலில் "ஸ்ஸ்" என்பவர், அடுத்த நிமிஷமே "எங்க டாக்டரம்மா கைராசி யாருக்கு வரும்!" என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

ஒருநாள் ஆள்காட்டி விரலில் ஆழமான வெட்டோடு வந்தார். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினாள்.

"இன்னாத்துக்கு பேஜாரு? வூட்லயே டாக்டரம்மா கீறா."

பெருமை தாங்காமல் ஓடிப்போய், சாக்கடையோரம் பறித்த இலையை அலசக்கூடச் செய்யாமல் கசக்கி வைத்துக் கட்டினேன். மூன்றாம் நாள் விரல் வீங்கிக் கறுத்தது. பெரியாஸ்பத்திரியில் பாதி விரலை எடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது.

அத்தா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "உன் மருந்து இல்லாட்டி கையே பூட்டிருக்கும்" என்றார்; பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு என்றைக்கோ ஆறியிருக்கும்.

இப்போது அந்தத் தெருவெல்லாம் அடுக்குமாடி, தரையெல்லாம் சிமெண்டுக் கல். போன வாரம் குளியலறைக் கதவில் கையைச் சிராய்த்துக்கொண்ட அத்தா, அதே மாதிரி நீட்டினார்.

"அந்தப் பச்சிலய கொஞ்சம் கசக்கி வுடேன், டாக்டரம்மா."

"அதெல்லாம் இப்ப எங்கத்தா கீது? எல்லாம் அழிஞ்சுபோச்சு" என்று கடைக் களிம்பைத் தடவினேன். அவர் உச்சுக்கொட்டினார்.

ஒன்றும் அழியவில்லை. வண்டி நிறுத்துமிடத்துக் கல்லிடுக்கில் வாராவாரம் முளைக்கிறது. அத்தா கண்ணில் படுவதற்குள் நான்தான் வேரோடு பிடுங்குகிறேன். எத்தனையோ வருஷமாக இதே வேலை, அலுத்துவிட்டது. இன்று காலையும் பிடுங்கினேன். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அவருக்குச் சோறு போட்டேன்.