முதலிடம் பெற்ற ஈர நிலம்

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் ஹிஸ்கேயின் மேய்ச்சல் நிலம் முழுக்க மட்கிய கறுப்பு மண். காயக் காயக் கரியமில வாயுவாகக் கரைந்துபோகிற மண் அது. நிலம் ஆண்டுக்காண்டு அமுங்கிக்கொண்டே வந்தது. வாய்க்கால் நீரை உயர்த்தி, மண்ணை ஈரமாகவே வைத்துக்கொண்டு மாடு வளர்க்க முடியாதா என்ற கேள்வி அவளை விடவில்லை.

சுற்றுச்சூழலைக் கெடுக்காத வேளாண்மையில் எந்த ஆராய்ச்சிக்கு முதலிடம் என்று முடிவுசெய்யும் குழுவில், விவசாயிகள் சார்பாக அவளையும் உட்கார வைத்திருந்தார்கள். சாணத் தொட்டிக்கு மூடி, களையெடுக்கும் இயந்திரம் என்று பேராசிரியர்கள் பேசிக்கொண்டே போனார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், அன்று மேசையைத் தட்டிப் பேசினாள். ஈர நிலம் முதலிடத்துக்கு வந்தது.

"சரி, யார் நிலத்துல செஞ்சு பாக்குறது?" என்று கேட்டார் தலைவர் டீடெரிக்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"என் நிலத்துலயே செய்ங்க."

வசந்தத்தில் மதகை அடைத்தார்கள். தண்ணீர் ஏறியது. பக்கத்திலிருந்த அவள் தம்பி வோபேயின் நிலமும் ஓரத்தில் கசிந்து சேறானது. அவன் தேவாலய வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னான்: "எங்க அக்கா இப்ப மாடு வளக்கல. தவளைக்குப் பால் கறக்குறா."

ஊர் சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

மாடுகள் குளம்பு புதைய நடந்தன. ஈரப் புல்லிலிருந்து ஈரலுக்குள் புழு ஏறியது. தாடை வீங்கி, விலா தெரிய, ஒவ்வொன்றாகப் படுத்துச் செத்தன. மண்ணை அளக்க வந்த ஆராய்ச்சிக்காரன் முகமெல்லாம் மலர்ச்சி.

"மண்ணு பிரமாதமா இருக்குங்க!"

"மாடு?"

"மாடு எங்க ஆய்வுல வராதுங்க."

மிஞ்சியவற்றைக் கசாப்புக்கு ஏற்றிவிட்டாள்.

குழு மறுபடி கூடியபோது காற்று மாறியிருந்தது. தொழுவத் தரையிலிருந்து எழும் அமோனியாவைக் குறைப்பதுதான் இப்போது முதல் வேலை. ஈர நிலம் கடைசிக்குப் போனது.

"அப்ப என் நிலத்துத் தண்ணிய யாரு வடிக்கிறது?" என்றாள் ஹிஸ்கே.

"அது இன்னிக்குப் பேசுற விஷயம் இல்ல, ஹிஸ்கே" என்றார் டீடெரிக். "உங்க துணிச்சல் எங்களுக்கெல்லாம் ஒரு பாடம்." பூங்கொத்து ஒன்றைக் கொடுத்தார். கைதட்டினார்கள். காப்பி வந்தது.

வாய்க்கால் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கும் நீர் வாரியத்துக்கு நடந்தாள். அங்கே கைவிரித்தார்கள். அவள் நிலத்துச் சேற்றில் அரிய பறவைகள் முட்டையிட்டிருந்தன. இனி நீர்மட்டத்தைக் குறைப்பது சட்டப்படி குற்றமாம்.

புதிய தொழுவத் தரைச் சோதனை வோபேயின் பண்ணைக்குக் கிடைத்தது. செலவெல்லாம் ஆராய்ச்சிப் பணம். பால் கறக்க ஆள் தேவைப்பட்டது. ஹிஸ்கே போய் நின்றாள்.

வோபே அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"பூட்ஸக் கழுவிட்டு உள்ள வாக்கா. உன் மாட்டோட சீக்கு என் மாட்டுக்கு வேணாம்."

புழு அப்படிப் பரவாது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். குழாயைத் திறந்து அவள் பூட்ஸைக் கழுவினாள். அடிப்பாகமும் சுத்தமாகிற வரை அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.